காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன?

உலகத்திலேயே பேர்போன காற்றாலை பாரிஸில்தான் இருக்கிறது. எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோ ஏறினால் நாலாவது நிறுத்தம், பிளான்ஷ். படியேறி வெளியே வந்து தலையை நிமிர்த்தினால் செக்கச்செவேலென்று நிற்கும் மூலான் ரூஜ். 1889இல் திறந்த நாள்தொட்டு இன்றுவரைக்கும் அது ஒரு பிடி கோதுமை அரைத்ததில்லை. அரைப்பதற்காகக் கட்டவுமில்லை. காலைத் தூக்கி ஆடுகிற பெண்களைப் பார்க்க வருகிறவன் வழி தவறிவிடக் கூடாதே என்று கூரையில் ஏற்றிவைத்த விளம்பரம் அது. 2024 ஏப்ரல் 25 விடியப்புறம் அதன் சிறகுகள் கழன்று தெருவில் விழுந்தன. ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் இருக்கிறது, ஊர் பதறிப்போனது. யூலை பிறந்தவுடனே புதுச் சிறகு பூட்டி, தெருவில் ஆட்டமும் போட்டுத் திருஷ்டி கழித்தார்கள். உண்மையாகவே மா அரைத்த ஆலைகள் ஒவ்வொன்றாக மண்ணோடு மண்ணானபோது இந்த ஊர் இவ்வளவு பதறியதாகத் தகவல் இல்லை.

அந்த உண்மையான ஆலைகள் மொன்மார்த்ர் குன்று முழுக்க நின்றன. எங்கள் லாசப்பலுக்குப் பக்கத்து மேடான கூத் தோரிலும் நின்றன. லாசப்பல் அப்போது பாரிஸே கிடையாது. 1860இல்தான் அதைப் பிடித்து நகரத்துக்குள் போட்டார்கள். அதுவரை அது நகரத்து மதிலுக்கு வெளியே கிடந்த கிராமம். மொன்மார்த்ர் ஆலைகளில் இரண்டு இன்றும் மிச்சம், அதில் ஒன்று 1622இல் கட்டியது. 1814இல் ரஷ்யப் படை குன்றேறி வந்தபோது அந்த ஆலைக்காரக் குடும்பத்தில் ஒருவரை வெட்டிச் சிறகில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. அதற்குப் பிறகு குடும்பம் ஆலையை ஆட்டக் கூடமாக்கிவிட்டது என்பது மட்டும் கதையல்ல. பகலில் மா விற்பதைவிட இரவில் வைன் விற்பதில் காசு கூட என்பதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை.

இந்த ஆலைகளுக்கு ஒரு பெரிய வருத்தம் இருந்தது. காற்றுக்கு முகம் காட்டினால்தான் சுற்றும். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வாடை ஒரு பக்கம், சோளகம் ஒரு பக்கம், கொண்டல் ஒரு பக்கம், கச்சான் ஒரு பக்கம். பாரிஸ் ஆலைக்காரன் காற்று மாறும்போதெல்லாம் நடுச்சாமத்தில் எழும்பி வந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தைத் தோளால் முட்டி, மர வீடு மொத்தத்தையும் அச்சில் திருப்ப வேண்டும். மாமியார் எந்த அறைக்குப் போகிறாவோ அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போடுகிற மருமகனின் பிழைப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், முகத்தைத் திருப்பவே தேவையில்லாத ஆலையைப் பாரசீகர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வைத்திருந்தார்கள். அச்சைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி நட்டார்கள். தூணைச் சுற்றி மரப் பலகைச் சிறகுகள். அடியில் திரிகைக் கல். பல்சக்கரம் எதுவும் கிடையாது. தூண் சுற்றினால் கல்லும் சுற்றும். பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியல்காரர்கள் சிஸ்தானில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இன்றைய ஈரானில் நஷ்டிஃபான் என்ற ஊரில் அந்த வகை ஆலைகள் இப்போதும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அதற்கும் ஒரு சிக்கல். தூணின் ஒரு பக்கத்துச் சிறகு காற்றோடு போகும். மறுபக்கத்துச் சிறகு காற்றை எதிர்த்துத் திரும்பி வர வேண்டும். இரண்டும் இழுபட்டால் ஆலை நின்ற இடத்திலேயே நிற்கும். பாரசீகன் அதிகம் யோசிக்கவில்லை, எதிர்த்து வரும் பாதியை மண்சுவருக்குப் பின்னால் மறைத்துவிட்டான். சுவர் கட்டியதால் காற்று ஒரே பக்கத்திலிருந்துதான் வரவேண்டும் என்றாகிவிட்டது. அவர்களுடைய அதிர்ஷ்டம், அங்கே வருடத்தில் 120 நாள் ஒரே திசையில் அடிக்கிற காற்று என்று பேர்பெற்ற ஒன்று உண்டு. ஆக, ஐரோப்பாவில் காற்று தன்பாட்டில் அலைந்தது, ஆலைக்காரன் பின்னால் ஓடினான். பாரசீகத்தில் ஆலை சும்மா இருந்தது, காற்று சொன்ன பேச்சுக் கேட்டது.

சுவரும் இல்லாமல், தோளால் முட்டவும் வேண்டாமல், நாலு பக்கக் காற்றுக்கும் சுற்றுகிற ஒன்றைச் செய்ய ஒரு பிரெஞ்சுக்காரர் பிறக்க வேண்டியிருந்தது. அவருக்கு வருமுன் லாசப்பலில் ஒரு தெருவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவோம். இயற்கைச் சக்தியைப் பிடித்துக் கட்டப் புறப்படுகிறவனைப் பாரிஸ் எப்படிக் கவனிக்கும் என்பதற்கு அந்தத் தெருவின் பெயரே சாட்சி.

ரூ பிலிப் து ஜிரார். மாணிக்கப் பிள்ளையார் முன்பு குடியிருந்த தெரு. இப்போது அவர் பக்கத்துப் பஜோல் தெருவுக்கு மாறிவிட்டார். தேர்த் திருவிழாவன்று தேங்காய்ச் சிதறலில் சப்பாத்து நனைய நடக்கிற எங்கள் சனத்தில், யார் இந்த ஜிரார் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. விக்கினம் தீர்க்கிறவர், ஆயுள் முழுக்க விக்கினத்தைத் தவிர வேறொன்றையும் காணாத ஒருவரின் தெருவில் வந்து குந்தியிருந்தார் என்பது அவருக்கும் தெரிந்திருக்காது.

ஜிரார் 1775இல் லூர்மரான் என்ற ஊரில் பிறந்தவர். 1799இல், இருபத்துநாலு வயதில், தகப்பனோடு சேர்ந்து ஒரு காப்புரிமை எடுத்தார். கடல் அலையிலிருந்து சக்தி எடுப்பது எப்படி? போர்க்கப்பல் கனத்தில் ஒன்றை நீரில் மிதக்கவிடுங்கள். ஆயிரம் பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத அந்தக் கனத்தை ஒரு சின்ன அலை மேலே தூக்கிக் கீழே வைக்கிறது அல்லவா? அதை ஒரு பெரிய நெம்புகோலின் முனையில் கட்டுங்கள். மறுமுனை கரையில் நீர் இறைக்கட்டும், மரம் அறுக்கட்டும். அலைச் சக்திக்கு உலகத்தில் எடுத்த முதல் காப்புரிமை இதுதான். தலை கழுத்தில் நிற்குமா என்றே தெரியாத ஒரு புரட்சிக் காலத்தில் இந்த மனுசன் கடலுக்கு நெம்புகோல் போட நினைத்திருக்கிறார். யாரும் கட்டவில்லை.

பிறகு 1810இல் நெப்போலியன் ஓர் அறிவிப்பு விட்டார்: ஆளிச்செடி நாரை இயந்திரத்தில் நூற்கத் தெரிந்தவனுக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு. இங்கிலாந்துப் பருத்தித் துணியின் வாயை அடைக்கத்தான் இந்தத் திருவிளையாடல். ஜிரார் சில மாதத்துக்குள்ளேயே இயந்திரத்தோடு வந்து நின்றார். பரிசு வரவில்லை. அவர் கடன்பட்டு ஆலை போட்டார். அதற்குள் நெப்போலியனே இல்லாமல் போனார். பேரரசர் எல்பாத் தீவுக்கு, எஞ்சினியர் கடன்காரச் சிறைக்கு. கடைசியில் போலந்துக்குப் போய்ப் பிழைத்தார். அங்கே ஒரு நகரத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள், ஷிரார்டுஃப் என்று. வெளிநாட்டில் போய் நன்றாக வந்தவனை ஊர் பிறகு சொந்தம் கொண்டாடும். இந்த வழக்கம் எங்களுக்குப் புதிதல்ல. பிரான்ஸ் பரிசுக் காசைக் கொடுக்கவில்லை, தெரு கொடுத்தது. தெருவுக்குச் செலவில்லை, ஒரு நீலப் பலகை போதும்.

தகரத்தில் உணவை அடைக்கிற யோசனையையும் லண்டனில் ஒரு வியாபாரி மூலமாகப் பதியவைத்தவர் இதே ஜிரார்தான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது உண்மையானால், அவர் தெருவைச் சுற்றியுள்ள தமிழ்க் கடைகளில் அடுக்கிவைத்திருக்கிற ரின் மீன் ஒவ்வொன்றுக்கும் இந்த மனுசனுக்கு ஒரு சதமாவது சேரவேண்டும்.

சரி, எங்கள் கதாநாயகன். ஜோர்ஜ் தாரியூஸ், 1888இல் தூலோன் துறைமுகத்தில் பிறந்தவர். கொம்பனி எலெக்ட்ரோ மெக்கானிக் என்ற நிறுவனத்தில் எஞ்சினியர். அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை லு பூர்ஜேயில் இருந்தது. எங்கே அந்த லு பூர்ஜே? கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். பி எடுத்து லாகூர்நெவ் தாண்டினால் வருகிற அதே லு பூர்ஜேதான். காலையில் லாசப்பல் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்கி வழிந்துகொண்டு வருகிற அந்த ரயில் பாதையில்தான் இந்தக் காற்றாடிப் புத்தியும் உருவானது.

1925இல் தாரியூஸ் எடுத்த காப்புரிமையில் சங்கதி இதுதான். சிறகைப் பலகை மாதிரிச் செய்து காற்றைத் தள்ளவிடாதே. விமான இறக்கையின் வெட்டுமுகத்தில் செய். நிமிர்ந்த தூணைச் சுற்றி அதை ஓடவிடு. காற்றைவிடப் பலமடங்கு வேகத்தில் சிறகு ஓடும்போது, காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் சிறகின் மேல் தூக்குவிசை பிறக்கும். அந்த விசையில் ஒரு பங்கு சிறகையே முன்னுக்கு இழுக்கும். எதிர்த்து வருகிற பாதி என்று ஒன்று இல்லை; ஆகவே சுவரும் வேண்டாம். சிறகை நேராக வைத்தால் சுழலும் வேகத்தில் வெளிப்பக்கம் வளைந்து முறியும் என்பதால், பிள்ளைகள் கயிறடிக்கும்போது கயிறு எடுக்கிற வளைவையே சிறகுக்கும் கொடுத்துவிட்டார். கயிறு அந்த வளைவில் இழுபடுமே தவிர மடங்காது. கறண்ட் எடுக்கிற இயந்திரத்தை உச்சியில் தூக்கி வைக்கவும் தேவையில்லை, அடியில் நிலத்திலேயே வைக்கலாம். பழுதுபார்க்கிறவன் ஏணி இல்லாமல் வேலை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

வரைபடத்தைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஒரே ஒரு குறை: நிற்கிற சிறகில் போதிய தூக்குவிசை பிறக்காது. சுற்றினால்தான் விசை, விசை வந்தால்தான் சுற்று. யாராவது முதலில் ஒரு தள்ளுத் தள்ளிவிட வேண்டும். பழைய ஓஸ்ரின் காரைக் குச்சொழுங்கையில் தள்ளி ஸ்ராட் பண்ணிய தலைமுறை இதைக் குறையென்றே எடுக்காது. முதலாளிமார் எடுத்தார்கள்.

எடுத்தது அவர்கள் மட்டும்தானா? 1929இல் லு பூர்ஜேயில் இருபது மீற்றர் விட்டத்தில் ஒரு பெரிய காற்றாலை எழும்பியது. வடிவமைத்தவர் சாட்சாத் தாரியூஸ். போய்ப் பார்த்தால் இரண்டு இறக்கை, படுத்த அச்சு! சாதாரணக் காற்றாலை. அடுத்தவனுக்கு ஆயுர்வேதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் தலையிடிக்குப் பனடோல் போடுகிற வைத்தியர் எனக்குத் தெரிந்து ஊரிலும் இருந்தார். தாரியூஸ் அதற்குப் பிறகு மின்வலை, தீச்சுவாலை என்று வேறு வேலைகளில் மூழ்கினார். 1938இல் சுவாலை ஏன் சுருக்கம் விழுகிறது என்று அவர் போட்ட கணக்கு இன்றும் எரிதல் பற்றிய பாடப்புத்தகங்களில் அவர் பெயரோடு இருக்கிறது. 1946இல் விஞ்ஞான அக்கடமி அவரை உறுப்பினராக்கியது. நட்ட தூணை மட்டும் யாரும் சட்டைசெய்யவில்லை. காப்புரிமை காலாவதியானது.

1960களின் கடைசியில் கனடா, ஒட்டாவா. தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பீற்றர் சவுத், ராஜ் ராங்கி என்று இரண்டு பேர் முட்டி மோதி ஒரு புதுக் காற்றாலையைக் கண்டுபிடித்தார்கள். நிமிர்ந்த அச்சு, கயிறடி வளைவு, விமான இறக்கைச் சிறகு. சந்தோசத்தோடு பழைய காகிதங்களைக் கிண்டிப் பார்த்தால், நாற்பது வருடத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கோடு கோடாகக் கீறி வைத்திருக்கிறார். ஆனால் வேலை நடந்தது. அடுத்து வந்த எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகமும் குதித்தது. தாரியூஸின் கம்பீரமான வளைவைப் பார்த்த அமெரிக்கச் சனம் அதற்கு வைத்த பட்டப்பெயர்: முட்டையடிக்கி.

இப்போது மக்டலன் தீவுகளுக்கு வருவோம். கியூபெக்குக்குக் கிழக்கே, கடல் நடுவே, காற்றுக்குப் பஞ்சமே இல்லாத இடம். 1977இல் அங்கே ஒரு தாரியூஸ் ஆலையை நட்டார்கள். 37 மீற்றர் உயரம், 200 கிலோவாற்றுக்கு மேல். ஒரு வருடம் ஒழுங்காக ஓடியது. 1978 யூலையில் பிறேக்கில் திருத்த வேலை. கழற்றினார்கள். பொழுது பட்டுவிட்டது. கழற்றிய பிறேக்கை இரவுக்குள் திரும்பப் பூட்ட வேண்டுமா என்ற கேள்வி வந்திருக்கும். பூட்டுவானேன்? இந்த வகை ஆலை தானாகத் தொடங்காது என்பது புத்தகத்தில் உள்ளது. ஐம்பது வருடமாக எல்லாரும் இதைக் குற்றம் சாட்டியதே அதற்காகத்தானே! விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

யாரும் பார்க்காத நேரத்தில் அது தானாகத் தொடங்கியது.

பிறேக் இல்லை, கறண்ட் எடுத்துச் சுமை கொடுக்கவும் ஆளில்லை. காற்று கொடுத்ததையெல்லாம் வேகமாக்கிக்கொண்டு சுற்றியது. கடைசியில் உச்சியைப் பிடித்திருந்த இழுவைக் கம்பி அறுந்து, முழு ஆலையும் நிலத்தில். உன்னால் ஏலாது, ஏலாது என்று ஒரு பிள்ளைக்கு ஐம்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தால் ஒருநாள் இப்படித்தான் நடக்கும். தாரியூஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார், தொண்ணூறை நெருங்கிக்கொண்டு. செய்தி அவர் காதுக்குப் போயிருந்தால் கிழவர் வாய்க்குள் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் காலமானார்.

கனடாக்காரன் அதோடு விட்டானா? 1980களில் காப் ஷாவில் 110 மீற்றர் உயரத்துக்கு, கிட்டத்தட்ட நாலு மெகாவாற்றுக்கு, 'எயோல்' என்று ஒரு ராட்சதனைக் கட்டினார்கள். உலகத்திலேயே பெரிய நிமிர்ந்த காற்றாலை. 1993இல் அடியிலுள்ள பெரிய தாங்கி பழுதாகி நின்றது. பாரம் முழுவதையும் சுமக்கிற அடித் தாங்கியை மாற்றுவதென்றால் மேலே உள்ள அத்தனையையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஏணியே வேண்டாம், எல்லாம் நிலத்தில் என்ற பெருமைக்கு வந்த வட்டி அது. சுற்றாமல் நின்ற அதைச் சனம் பிறகு ரிக்கெற் எடுத்துப் பார்த்தது. கலிபோர்னியாவில் ஃபுளோவிண்ட் என்ற நிறுவனம் ஐந்நூறுக்கு மேல் நட்டது. ஒவ்வொரு சுற்றிலும் சிறகு ஒருமுறை காற்றுக்கு முன்னாலும் ஒருமுறை பின்னாலும் போகிறது. விசை உள்ளே, வெளியே என்று மாறி மாறி வளைக்கிறது. கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? அலுமினியம் களைத்து வெடித்தது. நிறுவனம் 1997இல் திவால்.

இத்தனைக்கும் பிறகு தாரியூஸின் வாரிசுகளைப் பாரிஸ் வீட்டுக்குக் கூப்பிட்டது, 2015இல். வேலைக்கல்ல, காட்சிக்கு.

மார்ச் மாதம், கொன்கோர்ட் சதுக்கத்தில் ஒரு இரும்பு மரம். பதினாறாம் லூயியின் கழுத்துக்குச் செங்குத்தாகக் கத்தி இறங்கிய அதே சதுக்கம். மரத்தில் 72 பச்சை இலை. ஒவ்வொரு இலையும் ஒரு குட்டி நிமிர்ந்த காற்றாலை. கண்டுபிடித்தவர் ஜெரோம் மிஷோ லாரிவியேர், தொழில் திரைக்கதை எழுதுவது. பாரிஸில் ஒரு சதுக்கத்தில் காற்றே இல்லாதபோது இலை நடுங்குவதைக் கண்டாராம், அதில் உதித்த யோசனையாம். வினாடிக்கு இரண்டு மீற்றர் காற்றுக்கே சுற்றத் தொடங்கும், சத்தமே இல்லை. அப்போதைய விலை கிட்டத்தட்ட 30,000 யூரோ. எல்லா இலையும் முழு மூச்சில் சுற்றினால் 3.1 கிலோவாற், அதாவது ஒரு கேத்தலும் ஒரு ஸ்திரிக்கைப் பெட்டியும். அந்த முழு மூச்சு எப்போது வரும் என்பதில்தான் விசயம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். மெல்லிய காற்றில் சுற்றத் தொடங்குவது அழகு. கறண்ட் வேறு கணக்கு. பாரிஸில் ஆறு மாடிக் கட்டடங்களில் முட்டி மோதித் தெருவுக்கு இறங்குகிற காற்று, மூன்று மாற்றுப் பஸ் ஏறி வந்த விருந்தாளி மாதிரி, வாசலிலேயே களைத்துப்போய் நிற்கும்.

அதே வருடம் ஈபிள் கோபுரத்தின் இரண்டாம் தட்டில், நிலத்திலிருந்து 120 மீற்றருக்கு மேலே, இரண்டு நிமிர்ந்த காற்றாலைகள். இடம் பொருத்தம்தான். கோபுரத்தைக் கட்டிய ஈபிளே காற்றுப் பைத்தியம். தன் கோபுரத்திலிருந்து தட்டுகளைக் கம்பி வழியே விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தவர். 1909இல் கோபுரத்தின் காலடியிலேயே காற்றுச் சுரங்கம் கட்டியவர். புதுக் காற்றாலைகளுக்குக் கோபுரத்தின் மண்ணிறத்தையே பூசினார்கள், கண்ணில் படாமலிருக்க. விளம்பரத்துக்கு வைத்த ஒன்றைக் கண்ணில் படாமல் வைக்கிற கெட்டித்தனம் பாரிஸுக்குத்தான் வரும். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 10,000 யூனிற் தரும் என்றார்கள். அந்நாளில் கோபுரம் வருடத்துக்கு விழுங்கியது அறுபது லட்சம் யூனிற்றுக்கு மேல்.

லாசப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் இந்தக் கணக்கைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டே கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு வருது, தம்பி?"

"இருபத்தேழு யூனிற் அண்ணை."

"ரெண்டும் சேர்த்தோ?"

"ஓம், ரெண்டும் சேர்த்துத்தான்."

பின்னால் வரிசையாக இருமிக்கொண்டிருந்த குளிர்ப்பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். "உதைக் கொண்டு என்ர இறால் பெட்டியளும் ஓடாது" என்றார்.

அந்த வருடக் கடைசியில் உலகத் தலைவர்கள் பூமியைக் காப்பாற்ற மாநாடு கூட்டினார்கள். மாநாடு நடந்த இடம் லு பூர்ஜே. வந்தவர்களுக்குக் காட்ட அங்கேயும் அந்த இலை மரங்களை நட்டிருந்தார்கள். தாரியூஸ் வேலை செய்த ஊரிலேயே நிமிர்ந்த ஆலை வந்து நின்றது. வந்த தலைவர்களில் பலபேருடைய நாட்டில் காற்றிலிருந்து கறண்ட் தருவது என்னவோ மூன்று இறக்கை வைத்த, படுத்த அச்சுக்காரன்தான். தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடியில் தொடங்கி முப்பந்தல் முழுக்க நிற்பவன் அவனே. 2020இல் மன்னாரில் 100 மெகாவாற்றுக்கு முப்பது பேராக வரிசைகட்டியதும் அவனே. முகத்தைத் திருப்ப அவனுக்கு இப்போது ஆலைக்காரன் தோள் வேண்டாம், ஒரு மோட்டார் போதும். திசை பார்க்காமல் சுற்றுகிறேன் என்ற நிமிர்ந்தவனின் முதல் பெருமையை இருபதாம் நூற்றாண்டின் மோட்டார் மலிவு விலையில் வாங்கிவிட்டது. நடுக்கடலில் மிதக்கவிட்டால் பாரம் அடியில் இருப்பது நல்லது, ஆகவே எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சுவீடனில் சிலர் முயன்று பார்த்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

ஆனால் நிமிர்ந்த காற்றாடி பாரிஸில் பிழைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். தாரியூஸின் காலத்திலேயே சவோனியஸ் என்றொரு பின்லாந்துக்காரர், பீப்பாயை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியையும் சற்றுத் தள்ளி ஒட்டியது போல ஒரு மலிவு ஆலை செய்தார். தூக்குவிசையும் இல்லை, கணக்கும் இல்லை; எந்தக் காற்றுக்கும் தானாகத் தொடங்கும். அதைக் குட்டியாக்கி வாகனக் கூரையில் பூட்டுகிற காற்றுப்போக்கி ஆக்கியவர் ஃபிளெட்னர் என்ற ஜெர்மன்காரர். கப்பலுக்குப் பாய் வேண்டாம், சுழலும் தூண் போதும் என்று 1926இல் அத்திலாந்திக்கைக் கடந்து காட்டிய அதே ஆள். உலகம் அவர் கப்பலை வேண்டாம் என்றது, அந்தக் கூரை மூடியை மட்டும் எடுத்துக்கொண்டது.

விடியற்காலை லாசப்பலின் ரூ காய் பக்கம் போனால் பார்க்கலாம். ரங்கிஸ் சந்தையிலிருந்து சாமான் இறக்க வருகிற வான்களில் சிலதின் கூரையில், ஒரு சின்ன வெள்ளை மூடி சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் விளமீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பொடியனிடம் அதைக் காட்டி, உது என்னத்துக்குத் தம்பி என்று கேட்டேன்.

"மணம் போக அண்ணை" என்றான். "அது நிண்டா வண்டிக்குள்ள ஒருத்தரும் ஏறமாட்டினம்."